பிஎம்சி வங்கி: காப்பீடு இருந்தும் காத்திருந்த 28 மாதங்கள்

2019 செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை. பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் (சுருக்கமாக பிஎம்சி) கிளைகளுக்கு முன்னால் காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. ரிசர்வ் வங்கி முந்தைய நாள் போட்ட உத்தரவு அப்போதுதான் வெளியே தெரிந்திருந்தது. அடுத்த ஆறு மாதங்களுக்கு ஒரு டெபாசிட்தாரர் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மாதம் ஆயிரம் இல்லை, ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஆயிரம்.

பிஎம்சி சின்ன வங்கி இல்லை. 1984-இல் மும்பையில் தொடங்கி, ஏழு மாநிலங்களில் 137 கிளைகள், 11,600 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட், ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் என்று வளர்ந்திருந்தது. நாட்டின் பெரிய நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிகளில் ஒன்று. சட்டப்படி அதன் டெபாசிட்டுகளுக்குக் காப்பீடும் இருந்தது. அன்றைய கணக்கில் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய்.

அப்படியானால் அந்த ஒரு லட்சத்தை மறுநாளே கொடுத்திருக்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். கொடுக்கவில்லை. அந்த ஆண்டும் இல்லை, அடுத்த ஆண்டும் இல்லை. டெபாசிட்டுகளைக் காப்பீடு செய்யும் கழகத்திடம் பணத்துக்குப் பஞ்சம் இல்லை. 2021 மார்ச்சில் அதன் நிதி ஏறக்குறைய 1.3 லட்சம் கோடி ரூபாய். விஷயம் சட்டத்தின் ஒரு வாசகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. டெபாசிட் காப்பீடு பற்றிப் பேசும்போது எல்லோரும் 'எவ்வளவு' என்றுதான் கேட்கிறோம். 'எப்போது' என்ற கேள்வி அதைவிடப் பெரியது என்பதை பிஎம்சி காட்டியது.

முதலில் இந்தக் காப்பீடு

1960-இல் கேரளத்தின் பாலா நகரில் இருந்த பாலா சென்ட்ரல் வங்கியை மூட ரிசர்வ் வங்கி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு லட்சுமி வங்கியும் (கரூர் லட்சுமி விலாஸ் வங்கி அல்ல) விழுந்திருந்தது. அடுத்தடுத்து இரண்டு வங்கிகள் சரிந்ததில் சிறு வங்கிகள் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1961-இல் டெபாசிட் காப்பீட்டுக் கழகச் சட்டம் வந்தது, 1962 ஜனவரி 1 முதல் நடைமுறை. அப்போது ஆளுக்கு 1,500 ரூபாய் வரை பாதுகாப்பு. அது 1968-இல் 5,000, 1970-இல் 10,000, 1976-இல் 20,000, 1980-இல் 30,000 என்று ஏறி, 1993-இல் ஒரு லட்சத்தில் வந்து நின்றது. நின்றது என்றால் நின்றதுதான், 27 ஆண்டுகள். இடையில் 1978-இல் கடன் உத்தரவாதக் கழகத்தோடு இணைந்து, டெபாசிட் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் என்று இன்றைய பெயருக்கு வந்தது. சுருக்கமாக டிஐசிஜிசி. ரிசர்வ் வங்கிக்கு முழுச் சொந்தமான நிறுவனம்.

பிரீமியத்தைக் கட்டுவது வங்கி. நம் கணக்கில் அதற்காக எதையும் பிடிக்கக் கூடாது. 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 பைசாவாக இருந்ததை 2020 ஏப்ரலில் 12 பைசா ஆக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாதுகாப்புக்கு உச்சவரம்பு இருந்தாலும், பிரீமியம் மொத்த டெபாசிட் மீது கணக்கிடப்படுகிறது. 12 பைசா கணக்கில், ஒருவர் ஒரு கோடி போட்டிருந்தால் அவருக்காக வங்கி ஆண்டுக்கு 12,000 ரூபாய் கட்டும். வங்கி விழுந்தால் காப்பீட்டில் அவருக்கு வருவது இன்றைய கணக்கில் 5 லட்சம்தான். பெரிய வணிக வங்கிகள் கட்டும் பணத்தில்தான் சிறிய கூட்டுறவு வங்கிகளின் கோரிக்கைகள் தீர்க்கப்படுகின்றன என்று வணிக வங்கிக்காரர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. கோரிக்கைகளில் பெரும்பகுதி கூட்டுறவு வங்கிகளிலிருந்து வருவதுதான்.

வெளியே பளபளப்பு

பிஎம்சியின் 2018–19 ஆண்டறிக்கையைப் பார்த்து யாரும் பயந்திருக்க முடியாது. மொத்த வாராக்கடன் 3.76 சதவீதம். லாபம் ஏறக்குறைய 100 கோடி ரூபாய். மூலதன விகிதம், அதாவது நஷ்டத்தைத் தாங்க வங்கி வைத்திருக்கும் சொந்த முதலின் அளவு, 12 சதவீதத்துக்கு மேல். அந்த நேரத்துப் பொதுத்துறை வங்கிகள் பலவற்றோடு ஒப்பிட்டால் பொறாமைப்பட வைக்கும் எண்கள்.

உள்ளே நிலைமை வேறு. வங்கியின் கடன்களில் சுமார் 6,500 கோடி, அதாவது மொத்தக் கடனில் 70 சதவீதத்துக்கும் மேல், ஹெச்டிஐஎல் என்ற ஒரே கட்டுமானக் குழுமத்திடம் இருந்தது. ஒரே கடனாளிக்கு இவ்வளவு கொடுக்க எந்த விதியும் அனுமதிக்காது. அதை மறைக்க 21,000-க்கும் மேற்பட்ட போலிக் கடன் கணக்குகள் உருவாக்கப்பட்டன என்பது மும்பைக் காவல்துறையின் குற்றச்சாட்டு. ஆய்வுக்கு வருகிறவர் பார்ப்பது ஆயிரக்கணக்கான சில்லறைக் கடன்கள். அவற்றின் பின்னால் நிற்பது ஒரே கம்பெனி. 2019 ஆகஸ்டில் அந்தக் கம்பெனி திவால் நடைமுறைக்குள் இழுக்கப்பட்டதும் மூடி வைக்க இனி வழியில்லை என்றானது. வங்கியின் உயர் அதிகாரிகளும் ஹெச்டிஐஎல் உரிமையாளர்களும் அக்டோபரில் கைதானார்கள்.

உண்மைக் கணக்கு பிறகுதான் தெரிந்தது. 2019–20-இல் வங்கியின் நஷ்டம் 6,835 கோடி. நிகர மதிப்பு, அதாவது சொத்திலிருந்து கொடுக்க வேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவது, பூஜ்யத்துக்குக் கீழே 5,850 கோடி. முந்தைய ஆண்டு நூறு கோடி லாபம் காட்டிய அதே வங்கி!

யார் யார் பணம் மாட்டியது? சயான், பாண்டுப் மாதிரி மும்பைப் பகுதிகளின் சிறு வியாபாரிகள், பணி ஓய்வுப் பணத்தைப் போட்டு வட்டியில் வாழ்ந்தவர்கள், வீட்டுவசதிச் சங்கங்கள், குருத்வாராக்கள், வேறு கூட்டுறவுச் சங்கங்கள். ரிசர்வ் வங்கி ஊழியர்களின் கூட்டுறவுக் கடன் சங்கங்களே இங்கே பெரும் தொகையை வைத்திருந்தன. வங்கியைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கே மணம் எட்டவில்லை என்றால், ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு வங்கியைத் தேர்ந்தெடுங்கள் என்று சாதாரண மனிதருக்கு அறிவுரை சொல்வதில் என்ன அர்த்தம்? டெபாசிட் காப்பீடு தேவைப்படுவதே இதற்காகத்தான். டெபாசிட்தாரரால் வங்கியின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

காப்பீடு ஏன் வரவில்லை

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் காப்பீட்டுப் பொறுப்பு எழ இரண்டு முக்கியக் கதவுகள் இருந்தன. ஒன்று, வங்கி கலைக்கப்பட வேண்டும். உரிமம் ரத்தாகி, கலைப்பு அதிகாரி நியமிக்கப்பட்டு, அவர் மூன்று மாதத்துக்குள் டெபாசிட்தாரர் பட்டியலைக் கொடுத்த பிறகு, இரண்டு மாதத்துக்குள் டிஐசிஜிசி பணம் கொடுக்கும். மற்றொன்று, வங்கி வேறு வங்கியோடு இணைய வேண்டும். அந்தத் திட்டத்தில் டெபாசிட்தாரருக்கு வரும் தொகை குறைவாக இருந்தால் வித்தியாசத்தைக் காப்பீடு ஈடுகட்டும்.

பிஎம்சி இரண்டிலும் சேரவில்லை. அது கலைக்கப்படவும் இல்லை, இணைக்கப்படவும் இல்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவில் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு, உயிரும் இல்லாமல் சாவும் இல்லாமல் கிடந்தது. ஆக, சட்டத்தின் பார்வையில் அது இன்னும் நடந்துகொண்டிருக்கும் வங்கி. நடக்கும் வங்கிக்குக் காப்பீட்டுத் தொகை கிடையாது.

ரிசர்வ் வங்கி சும்மாவும் இருக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் 1,000 ரூபாய் வரம்பு மூன்றே நாளில் 10,000 ஆனது. அக்டோபர் 3-இல் 25,000, அக்டோபர் 14-இல் 40,000, நவம்பர் 5-இல் 50,000. 2020 ஜூனில் ஒரு லட்சம். ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு சதவீதத்தையும் சொன்னார்கள்: 50,000 ஆக்கியபோது 78 சதவீத டெபாசிட்தாரர்கள் முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம், ஒரு லட்சம் ஆக்கியபோது 84 சதவீதம். எண்ணிக்கையில் அது உண்மைதான். ஆனால் தலைகளின் சதவீதம் வேறு, பணத்தின் சதவீதம் வேறு. மீதி 16 சதவீதத்தினரிடம்தான் டெபாசிட்டின் பெரும்பகுதி இருந்தது. வாழ்நாள் சேமிப்பை ஒரே இடத்தில் வைத்த முதியவர்கள் அந்தப் பதினாறில் அடக்கம். நாடு முழுவதற்குமான கணக்கும் இதே மாதிரிதான்: 2021 மார்ச்சில் 98.1 சதவீதக் கணக்குகளுக்கு முழுக் காப்பீடு, ஆனால் தொகையில் பார்த்தால் 50.9 சதவீதம்தான்.

மருத்துவம், படிப்பு, திருமணம் என்று கையில் காகிதத்தோடு வருகிறவர்களுக்குத் தனி வழி இருந்தது. ரிசர்வ் வங்கி நியமித்த நிர்வாகியிடம் விண்ணப்பிக்கலாம். 50,000 வரம்பு இருந்த காலத்தில் மருத்துவ அவசரத்துக்கு ஒரு லட்சம் வரை. சொந்தப் பணத்தை எடுக்க ஆஸ்பத்திரிச் சான்றிதழோடு மனுப்போடும் நிலை. ரிசர்வ் வங்கி அலுவலகங்களுக்கு முன்னால் போராட்டங்கள் நடந்தன, பம்பாய் உயர் நீதிமன்றத்திலும் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் வழக்குகள் ஓடின. கட்டுப்பாடுகள் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போயின. அப்புறம் கொரோனா வந்தது.

நடுவில் மாறிய மூன்று சட்டங்கள்

பிஎம்சியின் நெருக்கடி நேரடியாகவும் மறைமுகமாகவும் மூன்று மாற்றங்களைக் கொண்டுவந்தது. 2020 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் வரம்பை 5 லட்சமாக உயர்த்துவதாக அறிவித்தார். பிப்ரவரி 4 முதல் அமல். பிஎம்சி முடங்கியது இதற்கு முன்பு என்றாலும் இந்த உயர்வு அதன் டெபாசிட்தாரர்களுக்கும் பொருந்தியது. காரணம், காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பது உரிமம் ரத்தாகும் அல்லது இணைப்பு நடக்கும் நாளை வைத்துத்தான் முடிவாகிறது. இந்த ஒரு விஷயத்தில் தாமதம் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது.

இரண்டாவது, 2020-இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத் திருத்தம். அதுவரை கூட்டுறவு வங்கிகள் ஒரு பக்கம் ரிசர்வ் வங்கிக்கும் மறுபக்கம் கூட்டுறவுப் பதிவாளருக்கும் கட்டுப்பட்டவை. இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி என்பார்களே, கண்காணிப்பு அந்தக் கதையாக இருந்தது. திருத்தம் ரிசர்வ் வங்கியின் அதிகாரத்தைக் கூட்டியது. ஒரு கூட்டுறவு வங்கியை வேறுவகை வங்கியோடு இணைக்கவும் வழி திறந்தது. இது இல்லாவிட்டால் பிஎம்சியின் முடிவு கலைப்பாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் டிஐசிஜிசி சட்டத்தில் 18ஏ பிரிவைச் சேர்த்தது, செப்டம்பர் 1 முதல் நடைமுறை. இனி வங்கி சாக வேண்டியதில்லை; பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி தடை போட்டாலே கடிகாரம் ஓடத் தொடங்கும். முதல் 45 நாட்களுக்குள் வங்கி டெபாசிட்தாரர் விவரங்களைத் தர வேண்டும். அடுத்த 30 நாட்களில் சரிபார்ப்பு, அதன்பின் 15 நாட்களில் பணம். மொத்தம் 90 நாள். இணைப்பு அல்லது மீட்புத் திட்டம் பரிசீலனையில் இருந்தால் இன்னும் 90 நாள் வரை தள்ளிப்போடலாம்.

அந்தத் தள்ளிப்போடும் விதி முதலில் கடித்தது பிஎம்சியைத்தான்! ஏற்கெனவே தடையில் இருந்த 21 வங்கிகளின் பட்டியலில் பிஎம்சியும் இருந்தது. டிசம்பர் 12 அன்று டெல்லியில் பிரதமர் கலந்துகொண்ட விழாவில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 1,300 கோடிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லப்பட்டது. யாரால் இந்தச் சட்டம் வந்ததோ அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களுடைய வங்கிக்கு இணைப்பு பேசிக்கொண்டிருந்தார்கள்.

இணைப்பும் பத்தாண்டுத் தவணையும்

2022 ஜனவரி 25-இல் பிஎம்சி, யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைந்தது. சென்ட்ரம் குழுமமும் பாரத்பே நிறுவனமும் சேர்ந்து தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாத வங்கி. டிஐசிஜிசி கொடுத்த சுமார் 3,800 கோடி ரூபாயில் டெபாசிட்தாரர்கள் ஆளுக்கு 5 லட்சம் வரை பெற்றார்கள். அந்தப் பணம் தானம் இல்லை. யூனிட்டி அதை டிஐசிஜிசிக்குத் திருப்பித் தர வேண்டும், 20 ஆண்டுகள் வரை அவகாசம்.

5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்த தனிநபர்களுக்கு? மீதி, ஆண்டுக்கணக்கில் தவணைகளாக. கடைசிப் பாக்கி இணைப்பிலிருந்து 10 ஆண்டு முடியும்போது, அதாவது 2032-இல். 2021 மார்ச் 31-க்குப் பிறகு வட்டி நின்றது. இணைப்பு நடந்து ஐந்து ஆண்டு கழித்து, மிச்சமிருக்கும் தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 2.75 சதவீதம்.

'ஒரு பைசா நஷ்டமில்லாமல் முழுத் தொகையும் கிடைக்கும்' என்று இதைச் சொல்லலாம், சொன்னார்கள். கையோடு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாம் ஆண்டு வரை காத்திருக்கும் ஒரு லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்தாண்டு வட்டி பூஜ்யம். அடுத்த ஐந்தாண்டும் ஆண்டுக்கு 2,750 ரூபாய். வேறு வங்கியில் 6 சதவீதம் கிடைத்திருக்கும் என்று வைத்தால், அந்த ஒரு லட்சத்துக்கு இணைப்பு நாளில் உள்ள மதிப்பு 64,000 ரூபாயைச் சுற்றித்தான். பாஸ்புக்கில் ஒரு லட்சம் அப்படியே இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலம் தின்றுவிட்டது. எழுபது வயதில் மாட்டிக்கொண்டவருக்கு 2032 என்பது என்ன கணக்கு என்பது வேறு கேள்வி.

நிறுவனங்களுக்கு இதைவிடக் கசப்பு. சங்கங்கள், அறக்கட்டளைகள் போன்றவற்றின் காப்பீட்டுக்கு மேற்பட்ட டெபாசிட்டில் 80 சதவீதம் ஆண்டுக்கு 1 சதவீத ஈவுத்தொகை கொண்ட முன்னுரிமைப் பங்காக மாறியது, மீதி 20 சதவீதம் பங்கு வாங்கும் உரிமைப் பத்திரமாக. வீட்டுவசதிச் சங்கம் லிஃப்ட் மாற்றுவதற்காகச் சேர்த்த நிதி, கேட்காமலே ஒரு புது வங்கியின் பங்கு மூலதனமாகிவிட்டது.

கரூரில் நடந்தது வேறு

பிஎம்சி இன்னும் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 2020 நவம்பர் 17-இல், 1926-இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்குத் தடைக்காலம் விதிக்கப்பட்டது. எடுக்கும் வரம்பு 25,000 ரூபாய். பத்தே நாளில், நவம்பர் 27-இல், சிங்கப்பூர் டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டு எல்லா டெபாசிட்டும் முழுதாகத் தப்பியது. பங்குதாரர்களின் பங்கு மதிப்பு பூஜ்யமானது, 318 கோடி ரூபாய் கடன்பத்திரங்களும் அழிக்கப்பட்டன. டெபாசிட் காப்பீட்டைத் தொடவே இல்லை.

ஒன்றுக்குப் பத்து நாள், மற்றொன்றுக்கு 28 மாதம். லட்சுமி விலாஸ் வணிக வங்கி, அதை வாங்கப் பெரிய கை ஒன்று தயாராக இருந்தது, இணைக்கும் சட்டமும் ஏற்கெனவே இருந்தது. பிஎம்சிக்கு முதல் நாள் இவற்றில் எதுவும் இல்லை. இந்தியாவில் ஒரு வணிக வங்கி தள்ளாடினால் அரசும் ரிசர்வ் வங்கியும் ஆள் தேடி இணைத்துவிடுவதுதான் வழக்கம். காப்பீடு உண்மையில் வேலை செய்ய வேண்டியிருப்பது கூட்டுறவு வங்கிகளில். அங்கே பணம் வைத்திருப்பவர்கள்தான் அதன் நுணுக்கங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள்.

5 லட்சம் என்றால் எது 5 லட்சம்

வரம்பு, அசலும் வட்டியும் சேர்ந்தது. 4,95,000 அசலுக்கு 4,000 வட்டி சேர்ந்திருந்தால் 4,99,000 முழுதும் கிடைக்கும். சரியாக 5,00,000 அசல் போட்டிருந்தால் சேர்ந்த வட்டிக்குக் காப்பீடு இல்லை. வரம்பு கணக்குக்கு இல்லை, ஆளுக்கு. அதுவும் ஒரு வங்கிக்கு. தாம்பரம் கிளையில் மூன்று லட்சமும் அதே வங்கியின் மதுரைக் கிளையில் மூன்று லட்சமும் இருந்தால் ஆறு லட்சமாகக் கூட்டி, ஐந்துதான் தருவார்கள். சேமிப்பு, நடப்பு, ஃபிக்சட், ஆர்டி எல்லாம் ஒரே கூடைதான். வேறு வங்கியில் வைத்தால் அங்கே தனியாக 5 லட்சம்.

கூட்டுக் கணக்கு தனி உரிமையாகக் கருதப்படுகிறது. கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, இருவரும் சேர்ந்து ஒன்று என்றால் மூன்று தனித்தனி வரம்புகள். பெயர் வரிசை மாறினால்கூட வேறு கணக்காகவே பார்க்கிறார்கள். கணவர் முதல் பெயராக ஒன்றும் மனைவி முதல் பெயராக இன்னொன்றும் இருந்தால் இரண்டுக்கும் தனி வரம்பு. பலருக்கு இது தெரியாது. மைனர் பிள்ளைக்குக் காப்பாளராக வைத்திருக்கும் கணக்கும் தனி. அந்த வங்கியிலேயே உங்களுக்குக் கடன் பாக்கி இருந்தால் அது கழிக்கப்படலாம்.

நம் ஊரில் இன்னொரு குழப்பம் உண்டு. 'கூட்டுறவு' என்று பலகையில் இருந்தால் எல்லாம் ஒன்றென்று நினைக்கிறோம். மாநில, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. நிதி நிறுவனங்களில் போடும் டெபாசிட்டுக்கும், உறுப்பினர்களிடம் மட்டும் பணம் வாங்கிக் கடன் தரும் 'நிதி' கம்பெனிகளுக்கும், சீட்டுக்கும் கிடையாது. காப்பீடு உள்ள வங்கிகளின் பட்டியல் டிஐசிஜிசி இணையதளத்தில் இருக்கிறது.

90 நாள் கடிகாரம் இப்போது

2025 பிப்ரவரி 13-இல் மும்பையின் நியூ இந்தியா கூட்டுறவு வங்கிக்குக் கட்டுப்பாடு வந்தது. 122 கோடி ரூபாய் கையாடல் புகார். இந்த முறை ஆயிரம்கூட இல்லை, முதலில் ஒரு ரூபாய் எடுக்க முடியவில்லை. மாதக் கடைசியில் 25,000 வரை அனுமதித்தார்கள். ஆனால் கிளை வாசலில் நின்றவர்களுக்கு பிஎம்சிக்காரர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது: 90 நாள் கணக்குப்படி காப்பீட்டுப் பணத்துக்கு மே 14 என்று ஒரு தேதி. ஆகஸ்டில் அந்த வங்கி சரஸ்வத் வங்கியோடு இணைந்தது.

அக்டோபரில் ரிசர்வ் வங்கி, எல்லா வங்கிக்கும் ஒரே 12 பைசா என்ற முறையை மாற்றி, 2026 ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டிலிருந்து வங்கியின் ஆபத்தைப் பொறுத்துப் பிரீமியம் வசூலிக்கப்போவதாக அறிவித்தது. நல்ல நிலையில் இருக்கும் வங்கி குறைவாகக் கட்டலாம். ஆனால் அந்த மதிப்பீடும் வங்கி தரும் எண்களை வைத்துத்தானே? 3.76 சதவீத வாராக்கடன் காட்டிய 2019-ஆம் ஆண்டு பிஎம்சி, இந்த முறையில் எந்தப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.